கோட்டிற்கு வெளியே நின்ற ஆசிரியர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையின் கூடைப்பந்தாட்ட அணிக்கு நான் பொறுப்பாசிரியனாக நியமிக்கப்பட்டேன். அப்பதவிக்கு எனக்கிருந்த தகுதி ஒன்றே ஒன்றுதான். அன்று காலை வேறு காரியமாக அதிபரின் அறைக்குள் நுழைந்த முதல் ஆசிரியன் நான். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன். வேற்றுமை மயக்கம் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் தயங்காது பேசுவேன். ஆனால் ஒரு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு பத்தடி நடக்கச் சொன்னால் பந்து ஒரு திசையிலும் நான் ஒரு திசையிலும் போவோம். உடற்கல்விக்கென ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் இத்தகைய நியமனங்கள் புதுமையல்ல. எவருக்கும் தெரியாத பாடத்தை எவராவது கற்பிக்க வேண்டும் என்பது எமது நாட்டுப்புறப் பாடசாலைகளின் எழுதாச் சட்டம்.

கல்முனைக் கரையோரத்தை அறிந்தவர்களுக்கு இடநெருக்கடியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒரு பிரதான வீதி. அதன் இரு மருங்கிலும் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று சுவரோடு சுவர் உரசும் ஊர்கள். இந்நெரிசலில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உட்புகுந்தபோது அழிந்தவை எத்தனை உயிர்கள் என்பதை நினைக்க இன்னும் நெஞ்சு பதறுகிறது. அந்த அழிவுக்குப் பின்னர் வந்த உதவிப் பணத்தில் எமது பாடசாலைக்கு ஒரு கொங்கிரீட் தரையும் இரண்டு இரும்புக் கம்பங்களும் கிடைத்தன. தரையில் வெடிப்புகள் விழுந்துவிட்டன. ஒரு கம்பத்தின் வளையம் உப்புக் காற்றில் துருவேறிச் சற்றே தலை குனிந்து நின்றது. அதுதான் எமது ஆடுகளம்.

பையன்களோ ஆர்வம் மிக்கவர்கள். நெசவாளியின் மகன், மீன் வியாபாரியின் மகன், வயற்கூலியின் மகன், மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போன தாயின் மகன். அவர்களுடைய ஆர்வத்தின் முன்னே என் அறியாமை எனக்கே வெட்கத்தைத் தந்தது. ஆசிரியத் தொழிலில் அறியாமையை மறைப்பது எளிது. ஆனால் விளையாட்டில் அது முதல் நாளே அம்பலமாகிவிடும். எனவே எனக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடினேன். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று நண்பரொருவர் சொன்னார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எழுபதைக் கடந்தவர், தமிழர். தயக்கத்தோடு அவர் வீட்டுப் படலையைத் தட்டினேன்.

"எங்க இருந்து வாறீங்க, தம்பி?"

"கல்முனையிலிருந்து, ஐயா."

வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நான் புனித மிக்கேலில படிச்சவன். ஹெபர்ட் பாதரிட்டப் பழகினவன்" என்றார். தாம் பெற்ற பட்டங்களைச் சொல்லவில்லை. வகித்த பதவிகளையும் சொல்லவில்லை. தமக்குக் கற்பித்தவரின் பெயரைத்தான் தகுதிச் சான்றாக என் முன் வைத்தார். அடுத்த வாரமே பேருந்தில் வந்திறங்கினார். அஸர்த் தொழுகை முடிந்து பையன்கள் களத்திற்கு வந்தபோது, அந்த முதியவர் பந்தை வாங்கி, முழங்காலைச் சற்றே மடித்து, மணிக்கட்டை ஒருமுறை வளைத்து, பந்தை விடுத்தார். துருவேறிய வளையத்தைத் தீண்டாமலே பந்து உள்ளே இறங்கியது. பையன்கள் ஆரவாரித்தனர். எனக்கோ அந்த மணிக்கட்டின் அசைவு அவருடையதாக மட்டும் தோன்றவில்லை. யாரோ ஒருவர் எப்போதோ அவருக்குக் கொடுத்துச் சென்ற சொத்தாகத் தோன்றிற்று. அன்றிரவே அந்த ஒருவரைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

யூஜின் ஜோன் ஹெபர்ட் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி அமெரிக்காவின் தென் மாநிலமான லூசியானாவில், ஜெனரெட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. பிரெஞ்சுக் குடியேற்றத்தாரின் வழித்தோன்றல்கள் நிறைந்த பகுதி. இளமையிலேயே இயேசு சபையிற் சேர்ந்து, 1948ஆம் ஆண்டில், அதாவது எமது நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், கிழக்கிலங்கைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும், 1873இல் தொடங்கப்பெற்ற மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் பணிபுரிந்தார். எமது நாட்டில் கல்லூரி என்ற சொல் பெரிய பாடசாலையைக் குறிப்பது. அக்கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர் என்ற வகையிலேயே மட்டக்களப்பு மக்கள் அவரைப் பெரிதும் நினைவுகூர்கின்றனர். அவர் பயிற்றிய அணிகள் வாவிக்கரையிலிருந்து புறப்பட்டுப் போய்த் தலைநகரின் வசதிமிக்க பாடசாலைகளோடு சமமாக நின்று ஆடின. மட்டக்களப்பு என்ற பெயர் கூடைப்பந்தாட்டத்தோடு சேர்த்து உச்சரிக்கப்படலாயிற்று.

இந்த இடத்தில் வாசகர்களுள் சிலர் புருவத்தை நெரிப்பர் என்பதை நான் அறிவேன். அமெரிக்கர், அதிலும் பாதிரியார். அவரைப் பற்றி இத்தகைய இதழில் எழுதுவதா? அவ்வையம் எனக்கும் இருந்தது. மிஷனரிமார் நடத்திய கல்வி எம் மண்ணில் என்ன செய்தது என்பதை நாம் மறந்துவிட முடியாது. ஆங்கிலம் கற்ற ஒரு சிறு கூட்டத்தை அது உருவாக்கியது; மதமாற்றம் பற்றிய அச்சத்தினால் முஸ்லிம்கள் பலர் தம் பிள்ளைகளை அப்பாடசாலைகளுக்கு அனுப்பாமலே இருந்தனர்; அதனால் ஒரு சமூகமே நெடுங்காலம் பின்தங்கியது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் ஏழை மக்களின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட நிகழ்ச்சிகள். அவற்றை ஆதரித்தவர்கள் தவறிழைக்கவில்லை.

ஆயினும் நிறுவனத்தை எடைபோடும் படிக்கல்லால் மனிதரை எடைபோட முடியாது. எமக்கு அயலூரான காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் அதே புனித மிக்கேல் கல்லூரியில் கற்றவர். பின்னர் விபுலாநந்த அடிகளாகி யாழ்நூலைத் தந்தவர். மிஷன் பாடசாலை அவரை மிஷனரியாக்கவில்லை. ஒரு பாடசாலை என்ன கருதித் தொடங்கப்பட்டது என்பது ஒன்று. அதனுள் ஓர் ஆசிரியரும் ஒரு மாணாக்கனும் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது என்பது வேறொன்று.

பயிற்றுநரின் தொழில் விசித்திரமானது. அவர் பந்தைத் தொடக்கூடாது. ஆட்டம் தொடங்கியதும் களத்தின் எல்லைக் கோட்டிற்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஐந்து பேர். அவர்களுடைய கையும் காலும் மூச்சும்தாம் ஆடுகின்றன. மாதக்கணக்காகக் கற்பித்தவை எல்லாம் நாற்பது நிமிடங்களுக்குள் பிறரால் நிறைவேற்றப்படவோ மறக்கப்படவோ செய்யலாம். வெற்றி மாணவர்களுடையது, தோல்வியில் மாத்திரம் பயிற்றுநருக்குப் பங்குண்டு. அத்தொழிலை அந்நிய நாடொன்றின் ஒரு மூலையில், புகழுக்கோ பொருளுக்கோ இடமின்றி, ஒருவர் ஆண்டுக்கணக்காகச் செய்தார் என்றால் அதனை உழைப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அந்த விளையாட்டின் பிறப்பும் ஓர் ஆசிரியரின் இக்கட்டிலிருந்தே நிகழ்ந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு அடங்காத மாணவர் வகுப்பொன்று கொடுக்கப்பட்டது. வெளியே பனிக்காலம், உள்ளே மோதினால் கை கால் முறியும். அவர் இரண்டு பீச்சுப் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதினார். அவருடைய சிந்தனை எளியது. இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் பலவான் மோதித் தள்ளி அதனை அடைவான். தலைக்கு மேலே இருந்தால் பலம் பயன்படாது, பந்து வளைந்து மெல்லச் சென்று இறங்க வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது. விரைவில் அதனை இன்னொருவனுக்குக் கொடுத்தாக வேண்டும். பலத்தைப் பயனற்றதாக்கி, பகிர்வதைக் கட்டாயமாக்கிய விதிகள் அவை.

ஆனால் விதிகளை எழுதிய சமூகம் அவ்விதிகளின்படி வாழவில்லை. நெய்ஸ்மித் பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது அவரிடம் கற்க ஜோன் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் வந்தார். விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்கலாம். ஆனால் பல்கலைக்கழக அணியில் ஆட இடமில்லை. தோலின் நிறம் தடுத்தது. ஆட முடியாதவர் பயிற்றுநரானார். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியின் அணியை அவர் பயிற்றினார். அதே நகரில் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான வெள்ளையர் அணியொன்று இருந்தது. இரு சாராரும் சேர்ந்து ஆடுவதற்கு ஊர் வழக்கம் இடம் கொடாது. 1944 மார்ச் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நகரமே தேவாலயத்தில் இருந்த வேளையில், கதவுகளைப் பூட்டிக்கொண்டு அவ்விரு அணிகளும் ஆடின. மெக்லெண்டனின் அணி 88க்கு 44 என்று வென்றது. அதன் பின்னர் இரு அணியினரும் தம்முள் கலந்து, நிறம் பாராது பிரிந்து, மீண்டும் ஓர் ஆட்டம் ஆடினர். இச்செய்தி அரை நூற்றாண்டுக் காலம் வெளியுலகிற்குத் தெரியாமலே இருந்தது. மெக்லெண்டன் பிற்காலத்தில் டென்னசிக் கல்லூரி அணியொன்றை 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசிய வெற்றி பெறச் செய்தார். 1966இல் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பல்கலைக்கழகமொன்றின் தலைமைப் பயிற்றுநராகவும் ஆனார்.

ஹெபர்ட் பிறந்து வளர்ந்த லூசியானாவும் அத்தகைய பிரிவினைச் சட்டங்களின் கீழ் இருந்த மாநிலமே. 1948இல் அவர் கப்பலேறியபோது அங்கே வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர முடியாது. அந்த நாட்டிலிருந்து வந்த ஒருவர் கிழக்கிலங்கையின் கறுத்த பையன்களின் கைகளைப் பிடித்துப் பந்தெறியக் கற்பித்தார். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நான் கற்பனை செய்யப்போவதில்லை. செய்த வேலை கண்முன் நிற்கிறது, அதுவே போதும்.

இவற்றையெல்லாம் நான் மாணவர்களுக்குச் சொன்னேன். நெய்ஸ்மித்தின் பழக்கூடையைக் கேட்டுச் சிரித்தனர். டர்ஹம் நகரின் பூட்டிய கதவுகளைக் கேட்டு வியந்தனர். "இப்படியும் சனங்கள் இருந்திருக்கா, சேர்?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், அணியில் மிகக் குறைவாகப் பேசுபவன், "அந்தப் பாதருக்குக் கடைசியில் என்ன நடந்தது, சேர்?" என்றான். மணி அடித்தது. நாளை சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வருவதற்கு எட்டு மாதங்கள் பிடித்தன.

எனக்கு விடை தெரியும். தெரிந்ததனாலேயே சொல்ல முடியவில்லை.

கல்லூரிப் பணியோடு ஹெபர்ட் அடிகளாரின் வாழ்வு நிற்கவில்லை. வேலையற்ற இளைஞர்களுக்குக் கைத்தொழில் பயிற்றும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை மட்டக்களப்பில் அவர் பொறுப்பேற்று நடத்தினார். யுத்தம் மூண்ட பின்னர், காணாமற்போனோரையும் கைதானோரையும் பற்றி விசாரிப்பதும், அநியாயங்களை எடுத்துரைப்பதும், சமாதான முயற்சிகளில் நிற்பதும் அவருடைய பணிகளாயின. அமெரிக்கக் குடியுரிமை உடையவர். விரும்பிய நாளில் விமானமேறியிருக்கலாம். அவர் போகவில்லை.

பின்னர் 1990ஆம் ஆண்டு வந்தது. கிழக்கில் பிறந்தவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றிப் பேசுவது ஆறாத புண்ணைத் தொடுவது போன்றது. ஜூலை மாதத்தில் குருக்கள்மடப் பகுதியில் முஸ்லிம் பயணிகள் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில், மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்றிருந்தோர் மீது விடுதலைப் புலிகள் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். ஆகஸ்ட் 11ஆம் திகதி நள்ளிரவைத் தாண்டிய வேளையில் ஏறாவூரில் வீடு வீடாகக் கொலை நடந்தது. அங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர். இவை எம்மவர் மறவாமல் நினைவுகூரும் நாட்கள். ஆனால் அதே ஆகஸ்ட் 12ஆம் திகதி, எமது ஊரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் எம் சமூகத்தைச் சேர்ந்த ஊர்காவற்படையினருக்கும் பங்கிருந்தது என்று கூறப்பட்டு வருகிறது. இதனை எம்மவர் நினைவுகூர்வதில்லை. அயலானை அயலானுக்கு எதிராக ஆயுதபாணியாக்கிப் பார்த்திருந்த அதிகாரத்தின் பங்கையும் இரு சாராரும் போதியளவு பேசுவதில்லை.

இந்த நெருப்பின் நடுவே, ஆகஸ்ட் 15ஆம் திகதி, ஹெபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார். கத்தோலிக்கர்களுக்கு அது மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அவருடன் ஒரு தமிழ் இளைஞனும் சென்றான். வழியில் இருப்பது ஏறாவூர். மூன்று நாட்களுக்கு முன்னர் பிரேதங்களைப் புதைத்த ஊர். துயரமும் வெறியும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்த ஊர். அவர்கள் இருவரும் மட்டக்களப்பைச் சென்றடையவில்லை. அடிகளாருக்கு அப்போது வயது அறுபத்தாறு. இந்த மண்ணுக்கு வந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள். ஏறாவூருக்கு அண்மையில் ஆயுதமேந்திய முஸ்லிம் கும்பலொன்றின் கையில் இருவரும் மடிந்தனர் என்பதே அன்று முதல் பலரும் கொண்ட ஐயம். உடல்கள் கிடைக்கவில்லை. நீதிமன்றமொன்றில் எவர் மீதும் குற்றம் நிறுவப்படவுமில்லை.

என் உம்மா பிறந்த ஊர் ஏறாவூர்.

1990 ஆகஸ்ட் மாதத்தில் உம்மா கல்முனையில், என்னை வயிற்றிற் சுமந்திருந்தார். அவருடைய இளைய சகோதரர், எனக்கு மாமா முறையானவர், பதினேழு வயதினர், அந்த இரவில் ஏறாவூரில் இறந்தார். பாதைகள் அடைபட்டிருந்தமையால் செய்தி வந்து சேரப் பல நாட்கள் சென்றன. மையித்தை உம்மா பார்க்கவில்லை. எமது வீட்டில் மாமாவின் புகைப்படம் ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் உம்மா கத்தம் ஓதுவிப்பார். அந்தத் துயரத்தின் நிழலிலேயே நான் வளர்ந்தேன். அதன் மூன்றாம் நாள் அதே ஊர் வழியாக வந்த இருவரைப் பற்றி எமது வீட்டில் எவரும் எப்போதும் பேசியதில்லை. முப்பது வயதைக் கடந்து, ஒரு துருவேறிய வளையத்தின் கீழே நின்றபோதுதான் அக்கதையை நான் அறிந்தேன்.

ஒவ்வொரு வாரமும் அந்த முதியவர் வந்துகொண்டிருந்தார். பையன்களின் தோளைத் தொட்டுத் திருத்துவார். கோபம் வராது. பந்தைக் கொடுக்காது தானே வைத்துக்கொள்பவனை மட்டும் வெளியே அழைத்துத் தன்னருகே உட்காரவைப்பார். அவருடைய ஆசிரியர் எந்த ஊருக்கு அண்மையில் காணாமற்போனார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அல்லவா களுவாஞ்சிகுடியிலிருந்து பேருந்தேறி முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வருகிறார்! அவர் முன்னே நான் என் தாயின் ஊரை மறைத்துக்கொண்டு நடந்தேன். ஒருநாள் அவரைப் பேருந்து நிலையத்திற்கு அழைத்துச் செல்லும்போது, இனியும் மறைப்பது ஈனம் என்று தோன்றியது.

"ஐயா, எங்கட உம்மா ஏறாவூர்."

அவர் சிறிது தூரம் பேசாது நடந்தார். பின்னர், "அங்க உங்கட ஆக்கள் ஆரும்...?" என்று தொடங்கி நிறுத்தினார். மாமாவைப் பற்றிச் சொன்னேன். "எத்தின வயசு?" என்றார். சொன்னேன். "பதினேழு" என்று தமக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வழக்கமான நேரத்திற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்.

அன்று மாலை அவரை வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். உம்மாவுக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அடிகளாரைப் பற்றியும், அவருடன் சென்ற இளைஞனைப் பற்றியும். கேட்டிருந்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனவர், அதன் பின்னர் அப்பேச்சை எடுக்கவில்லை. எனவே எனக்கு உள்ளூர அச்சம் இருந்தது. உம்மா தேநீரும் தொதலும் கொண்டுவந்து வைத்தார். வழக்கத்திற்கு மாறாக, கதவோரம் நின்றபடியே முதியவரிடம் பேசினார்.

"ஐயா, பாதரோட போன அந்தப் பொடியனுக்கு உம்மா இருந்தாவா?"

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உடனே விடை வரவில்லை. உம்மாவே தொடர்ந்தார்: "எங்கட பொடியனுக்கு ஒரு கபுறாவது இருக்கு. நான் போய் ஸலாம் சொல்லிட்டு வருவன். அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லையே."

முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதங்களாக அடிகளாரைப் பற்றிப் படித்தேன், குறிப்பெடுத்தேன், அவருடைய ஊரையும் பிறந்த திகதியையும் மனனம் செய்தேன். அவருடன் சென்றவனை "ஓர் இளைஞன்" என்ற இரு சொற்களோடு கடந்துவிட்டேன். எழுத்தறிவு குறைந்த என் தாய் முதலில் அவனைத்தான் கேட்டார். வெளிநாட்டவர் காணாமற்போனால் தூதரகம் கேட்கிறது, பத்திரிகை எழுதுகிறது. ஏழைத் தாயின் பிள்ளை காணாமற்போனால் அவன் ஒரு பெரிய பெயரின் பின்னால் வரும் துணைச்சொல்லாகிவிடுகிறான். அவனுடைய பெயர் எனக்குத் தெரியும். அவனுடைய குடும்பத்தாரின் அனுமதியின்றி அதனை இங்கு எழுதுவது முறையன்று என்பதனால் விடுத்திருக்கிறேன், மறந்து விடவில்லை.

மறுநாள் மாணவர்களைக் களத்தின் ஓரத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காத்தான்குடியைச் சொன்னேன், ஏறாவூரைச் சொன்னேன், என் மாமாவைச் சொன்னேன். வீரமுனையையும் சொன்னேன். ஆகஸ்ட் 15ஆம் திகதியையும், அன்று புறப்பட்டுப் போன இருவரையும் சொன்னேன். எவனும் இடையில் பேசவில்லை. முடிவில் அந்த அமைதியான பையன் கேட்டான்: "அப்ப, எங்கட ஆக்களா செஞ்ச, சேர்?"

"அப்படித்தான் நம்பப்படுகிறது. விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆனால் எங்கட ஆக்கள் செய்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது."

இரண்டொரு நாட்களில் ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். பழைய கதைகளைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்கிறீர்கள், எமக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதாதா என்று மரியாதையோடுதான் கேட்டார். அவருடைய குடும்பத்திலும் 1990இன் இழப்பு இருந்தது. நான் வாதாடவில்லை. எமக்கு நேர்ந்ததை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கோபம். பிறருக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறாகும் என்று நான் கருதுவதாகச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய மகனை அணியிலிருந்து விலக்கவும் இல்லை.

2017இல் காணாமற்போனோர் பற்றிய அலுவலகமொன்று இந்நாட்டில் நிறுவப்பட்டது. பெயர்கள் பதியப்படுகின்றன, தாய்மார் புகைப்படங்களோடு வரிசையில் நிற்கின்றனர், முதுமையடைகின்றனர், சிலர் விடை அறியாமலே மடிகின்றனர். குருக்கள்மடத்தில் மடிந்தோரின் குடும்பத்தார் உடல்களைத் தோண்டியெடுத்துத் தரும்படி கேட்கின்றனர். தமிழ்த் தாய்மார் தம் பிள்ளைகளைக் கேட்கின்றனர். இவ்விரு வரிசைகளும் ஒரே வரிசையாக நிற்கும் நாள் இன்னும் வரவில்லை. அது வரும்வரை அதிகாரத்தில் உள்ளவர்களுக்குக் கவலையில்லை.

சென்ற ஆண்டு எமது அணி மட்டக்களப்பு நகருக்குப் போய் அங்குள்ள பாடசாலையொன்றுடன் ஆடியது. பேருந்து குருக்கள்மடத்தைக் கடந்தது, காத்தான்குடியைக் கடந்தது, கல்லடிப் பாலத்தைக் கடந்து வாவிக்கரையை அடைந்தது. பையன்கள் வழக்கமாகப் பாடும் பாட்டை இடையிடையே நிறுத்தி வெளியே பார்த்தனர். ஊர்களின் பெயர்கள் அவர்களுக்கு இப்போது பெயர்ப்பலகைகள் மட்டுமல்ல. ஆட்டத்தில் நாம் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். அறுபதுக்கு மேல் அவர்களுடையது. எம்முடையது அதில் பாதியை எட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் எமது முதியவர் இரு அணியினரையும் அழைத்து, ஆட்களைக் கலந்து பிரித்து, இன்னும் பத்து நிமிடம் ஆடச் சொன்னார். மெக்லெண்டனின் கதையை நான் அவரிடம் சொன்னதில்லை. அவருக்கு அது தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவுமில்லை. இங்கே கதவுகள் பூட்டப்படவில்லை. வீதியால் போனவர்கள் நின்று பார்த்தனர்.

நான் கோட்டிற்கு வெளியே நின்றேன். எமது அமைதியான பையன் பந்தைப் பெற்றான். வளையம் அவனுக்கு நேரே இருந்தது. எறிந்திருக்கலாம். ஆனால் அன்று காலைவரை பெயரே அறியாத, கழுத்தில் சிலுவை தொங்கிய ஒரு பையன் அவனைவிட நல்ல இடத்தில் நிற்பதைக் கண்டு பந்தை அவனிடம் கொடுத்தான். அவன் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்கள்.

திரும்பி வரும்போது முதியவர் களுவாஞ்சிகுடியில் இறங்கினார். இறங்கும்முன், வளையத்தைச் சரிப்படுத்த ஓர் ஒட்டு வேலைக்காரரைத் தாம் அழைத்து வருவதாகவும், கூலியைப் பாதி பாதி போட்டுக்கொள்வோம் என்றும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வேலை நடந்தது. வளையம் இப்போது நேராக நிற்கிறது. உப்புக் காற்று அதனை மீண்டும் துருவேற்றும் என்பது எமக்குத் தெரியும். ஆண்டுக்கொருமுறை சுரண்டி வர்ணம் பூச வேண்டும். அந்த வேலைக்கு ஆகஸ்ட் 15ஆம் திகதியை நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம்.